குளிர்காய்ந்த ஊர்

ஊசிப்பாறையில் அந்த வருஷத்து முதல் உறைபனி இறங்கிய காலையில் தேவகிருபை வீட்டுக்குப் பின்னால் நின்று பறவைகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டத் திட்ட, உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்த புல் அவள் காலைச் சுற்றி முதலில் ஈரமாகி, பிறகு பச்சையாகி, பிறகு மெல்ல ஆவி விட ஆரம்பித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் புருஷனைப் புதைத்தவளுக்கு மார்கழிப் புல் எந்த நிறத்தில் இருந்தால் என்ன.

"உங்களுக்குச் சோறு வைக்கப் போயித்தானே அந்த மனுஷன் செத்தாரு? இப்ப எங்கிட்ட வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்கறீங்களா? தின்னுங்க. தின்னுத் தொலைங்க. குளிர்ல ஒண்ணாச்சும் செத்துக் கிடந்துச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று கத்திக்கொண்டே நொய்யரிசியையும் தினையையும் தகர டப்பாவில் கொட்டினாள். கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னஞ்சிறு வெள்ளைக்கண்ணிகளும், இறகை உப்பிக்கொண்டு வேலிக்கம்பியில் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவை எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவந்து, டப்பாவை விட்டுவிட்டு அவள் காலடியில் வட்டமாக உட்கார்ந்து முதலில் உடம்பைக் காய்ச்சிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் தின்னப் போயின.

அவள் புருஷன் சாமிதாஸ் காய்கறி லோடு வண்டி ஓட்டியவன். அவர்களுடைய லைன் வீடுகளுக்கு மேலே இருந்த சரிவு முழுக்கத் தவிட்டுப்பழப் புதராக இருந்த காலத்தில் குளிர்காலத்துப் பறவைக்கு யாரும் சோறு வைக்க வேண்டியிருந்ததில்லை. அவை பாட்டுக்கு அங்கே தின்று அங்கேயே ஒடுங்கிக் கிடந்தன. கீழ்நாட்டிலிருந்து ஒருவன் வந்து சரிவின் உச்சியில் காட்டேஜ் கட்டினான், பொக்லைன் விட்டுப் புதரையெல்லாம் வழித்தான், ஓடையை மூடினான், மூடிய ஓடைமேல் ஒரு பெரிய சுவரை எழுப்பினான். பட்டினியாய்க் கீழே வந்த பறவைகளுக்கு சாமிதாஸ் எண்ணெய் டப்பாவை வெட்டித் தொங்கவிட்டான். பனிக்காலத்தில் தண்ணீர் கண்ணாடியாய் உறைந்துபோகும் என்று, வெந்நீர் விளாவிச் சின்னத் தட்டுகளில் வைத்தான். அப்படி ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில் டப்பா நனையாமலிருக்கத் தார்ப்பாய் கட்டப்போனவன்மேல்தான் சுவர் வந்து விழுந்தது.

சுவர் ஏன் விழுந்தது என்று அந்த லைனில் எல்லோருக்கும் தெரியும். கொத்தனார் பொதுக்குழாயடியில் நின்று, அத்தனை பேர் காதில் விழச் சொன்னார்: "தண்ணி வடிய ஓட்டை விடுங்க முதலாளி, இல்லேன்னா பின்னால தண்ணி தேங்கித் தள்ளிரும்." காட்டேஜ்காரன் சிரித்துக்கொண்டே, "ஓட்டை விட்டா சுவரெல்லாம் அழுக்கு வழியும்யா, கெஸ்ட் பார்க்கற இடம்" என்றான். போலீஸ் வந்து கேட்டபோது அந்த அத்தனை பேரும், வார்டு மெம்பர் குணசீலன் முதலில் வாயைத் திறந்து "மழைங்க, கடவுள் செயல்" என்று சொன்னதும், அவருக்குப் பின்னால் கிணற்றுக்குள் கத்தியதுபோல் மழைங்க, மழைங்க, கடவுள் செயல், கடவுள் செயல் என்றார்கள். காட்டேஜ் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் லைனுக்குத் தண்ணீர் வந்தது. லைன் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் படுக்கைவிரிப்பு துவைத்தார்கள். பக்கத்து வீட்டு சொர்ணம், கிருபையோடு கேரட் கழுவும் இடத்தில் ஐஸ் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை மரக்கடித்துக்கொண்டவள், சாமிதாஸ் கையால் எத்தனையோ கோழிக்குழம்பு சாப்பிட்டவள், அவளும் தலையைக் குனிந்துகொண்டு மழைங்க என்றாள்.

அன்றைக்குக் கிருபை அழவில்லை. பல்லைக் கடித்தாள். கடித்த பல் கடித்தபடியே இருக்க, உள்ளே என்னமோ பற்றிக்கொண்டது.

சூட்டை முதலில் கண்டுபிடித்தவை பறவைகள், அடுத்தது சொர்ணம். பேரப்பிள்ளையின் துணி உலரவே மாட்டேனென்று வேலியில் விறைத்துத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கிருபை இந்தப் பக்கம் வந்து தட்டுக்குத் தண்ணீர் ஊற்றி "குடிச்சுத் தொலைங்க சனியங்களா" என்று சொன்ன நேரத்தில் அந்தத் துணி முறுகிய அப்பளம்போல் காய்ந்துவிட்டதைக் கண்டாள். வேலிக்கு மேலாகக் கையை நீட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பக்கம் சூடா இருக்கே?"

"இருக்கட்டும்."

"கொஞ்சம் துணி போட்டுக்கட்டுமா?"

கிருபை அவளை ஒரு பார்வை பார்த்தாள். வேலிமுள்ளில் பிடித்திருந்த பனி சொட்டுச் சொட்டாக உதிர்ந்தது. "வர்றவங்க பறவைக்கு ஒரு பிடி தானியம் கொண்டு வரணும். இல்லாம எவளும் எவனும் கேட்டைத் தாண்டக் கூடாது" என்றாள்.

ஊர் அதிசயப்படவில்லை. பலா காய்க்கிற வீட்டில் பலாச்சுளை கேட்பதுபோல, சூடு இருக்கிற வீட்டில் சூடு கேட்டார்கள், அவ்வளவுதான். குளிரில் புளிக்காத தோசைமாவைத் தூக்குச்சட்டியோடு கொண்டுவந்து அவள் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள், உறைந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள், நெஞ்சுச்சளி கட்டிய குழந்தைகளைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், முட்டி பிடித்துக்கொண்ட கிழவர்கள் நாற்காலியோடு வந்தார்கள், தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் புத்தகத்தோடு வந்தார்கள், கல்யாண வீட்டார் மொத்தப் பூவையும் பனி கருக்கிவிடாமலிருக்க அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு பிடி கம்போ கேழ்வரகோ கொண்டுவந்ததால், சரிவு மொட்டையாகிப் பட்டினி கிடந்த பறவைகள் இரை தட்டாமல் தின்று, வடக்கேயிருந்து குளிருக்கு வந்த வாலாட்டிக் குருவிகளுக்கும் சேதி சொல்லி, வேலியிலும் கூரையிலும் கிருபையின் தோளிலும் தலைமுடியிலுமாக உட்கார்ந்து இறகு கோதின. அந்த மார்கழியில் ஊசிப்பாறையில் ஒரு குருவிகூடக் குளிருக்குச் சாகவில்லை. கிருபைக்கு அது மட்டும்தான் கணக்கு. மற்றவர்களின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஒருநாள் அவள் சிரித்துவிட்டாள். குணசீலன் மெம்பர் சால்வையும் குல்லாயுமாக வந்து கிழவர்கள் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாட்டுநடப்புப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மைனா வந்து அவருடைய குல்லாயின் குஞ்சத்தைப் புழு என்று நினைத்துப் பிடுங்கி இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, குல்லாய் கழன்று வழுக்கைத்தலை பளிச்சென்று தெரிந்ததில், அவளையறியாமல் பொக்கென்று ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், எங்கேயோ கதவைத் திறந்துவிட்டமாதிரி குளிர் புகுந்தது. பொங்கி நின்ற மாவு அமுங்கியது. குழந்தைகள் இருமின. கிழவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். அவள் மேலே அந்த மொட்டைச் சரிவைப் பார்த்தாள், இடிந்த சுவரின் பல்லைப் பார்த்தாள், சிரிப்பு போன இடம் தெரியவில்லை, சூடு திரும்ப வந்தது. ஊர் புரிந்துகொண்டது.

புரிந்துகொண்ட ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கோபத்துக்குக் காரணம் என்ன என்று ஊருக்குத் தெரியும், அதற்கு மருந்து என்ன என்றும் தெரியும், அந்த மருந்து தங்கள் வாயில்தான் இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் நோய் தீர்ந்துவிட்டால் குளிருமே! மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் எழுதி வைத்திருந்த பாஸ்டர் எபநேசரிடம் சபையார் நாலு பேர் போய், "மாசி வரைக்கும் அந்த வசனத்தைத் தொடாதீங்க பாஸ்டர்" என்று தயவாகக் கேட்டுக்கொண்டார்கள். அவரும் தம் மூட்டுவலியை நினைத்து, ஆண்டவர் கோபங்கொண்டு தேவாலயத்தில் வியாபாரிகளின் பலகைகளைக் கவிழ்த்துப்போட்ட வேத அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வாரா வாரம் முழங்கினார். கிருபை வீட்டு வழியாகப் போகிறவர்கள் அவள் காதுபட, "காட்டேஜ்காரன் புதுக் கார் வாங்கியிருக்கானாமே", "இடிஞ்ச இடத்துல நீச்சல்குளம் வெட்டப் போறானாம்" என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் புல் ஆவி விட்டது. ஒவ்வொரு தடவையும் மாவு பொங்கியது.

இதெல்லாம் கிருபைக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு காலையில் அவள் தட்டுகளைக் கழுவ வீட்டுக்குள் போயிருந்தபோது பின்பக்கக் கேட்டருகே இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள்.

"இன்னிக்கு உன் முறை. நீதான் அவளுக்குக் கோபம் மூட்டணும்."

"நான் போன வாரம் கார் விஷயம் சொன்னேன்ல? சொர்ணம் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லல. பக்கத்து வீடுன்னு அவளுக்கு மட்டும் சலுகையா?"

கிருபை கழுவிய தட்டைக் கீழே வைத்தாள். நேராக வேலியோரம் போனாள். சொர்ணம் மாவுச்சட்டியை எடுக்கக் குனிந்திருந்தாள்.

"சொர்ணம். முறை வெச்சிருக்கீங்களா?"

சொர்ணம் நிமிரவில்லை.

"என்னைப் பாரு. நீச்சல்குளம் பொய்யா?"

"பொய்தான்க்கா. கார்கூடப் பொய்." அவள் குரல் மாவுச்சட்டிக்குள் போயிற்று. "மறுபடி விசாரிக்கறதுக்கு ஒரு பெரிய அதிகாரியம்மா வர்றதா இருந்துச்சு. மெம்பர்தான் ஆபீஸுக்குப் போயி, இங்க எல்லாரும் காய்ச்சல்ல கிடக்கறாங்க, தை முடியட்டும்னு சொல்லிட்டு வந்தாரு. எல்லாரும் சரின்னாங்க."

"நீ?"

"பேரப்பிள்ளைக்கு மூச்சு இழுக்குதுக்கா. உங்க வீட்டுப் பக்கம் வந்தாத்தான் நல்லாத் தூங்குது…"

"நீயும் சரின்ன."

"நானும்தான்."

அப்போது கிருபையின் உள்ளே அதுவரை தணலாகக் கிடந்தது கொழுந்துவிட்டு எழுந்தது. என் புருஷன் பிணத்துமேல் நின்று பொய் சொன்னது போதாதா, அந்தப் பொய்யில் பிறந்த நெருப்பில் தோசைமாவு புளிக்க வைத்தீர்களா, நெருப்பு அணையாமலிருக்க முறை போட்டு ஊதினீர்களா, என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் வெளியே போயிருக்கும். கேட்காததால் தட்டில் இருந்த தண்ணீர் கொதித்தது, கேட் தாழ்ப்பாள் பழுத்தது, சுவரோரம் இருந்த மாவு சட்டியிலேயே வெந்து கல்லானது, பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து பறந்தன. ஒன்று மட்டும் எழவில்லை. அவள் தோளில் கண்ணை மூடி அசந்திருந்த ஒரு வெள்ளைக்கண்ணி எழ நேரமில்லாமல் கருகி, உதிர்ந்து, அவள் பாதத்தில் விழுந்தது.

கிருபை உட்கார்ந்தாள். அதைக் கையில் எடுத்தாள். ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்லை. அதன் கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை வளையம் மட்டும் கருகாமல் இருந்தது.

"நான் பண்ணிட்டேனே" என்றாள். புருஷன் செத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. எதிரி மேலே மலையுச்சியில் கம்பளி போர்த்திக்கொண்டு காப்பி குடிக்கிறான், துரோகி பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள், தன் கோபம் போய் எரித்தது தான் சோறு வைத்து வளர்த்த ஒரு குருவியை. அழுது முடித்துப் புதைத்துவிட்டு எழுந்தபோது அவள் கோபம் குறைந்திருக்கவில்லை. ஆனால் அதற்குக் கைப்பிடி இருந்தது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, எங்கே வேண்டுமோ அங்கே. பறந்துபோன பறவைகள் சந்தேகத்தோடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன.

அன்றே அவள் கேட்டைப் பூட்டினாள். வேலிக்கு உள்ளே புல் பச்சையாக இருந்தது, வேலிக்கு ஒரு முழம் வெளியே பனி வெள்ளையாகக் கிடந்தது. தூக்குச்சட்டியோடு வந்தவர்களிடம், "அதிகாரியம்மாவைக் கூட்டிட்டு வாங்க. விசாரணை இங்கதான், என் பின்பக்கத்துல, அவர் விழுந்த இடத்துல. உண்மை சொல்றவனுக்குத்தான் கேட் திறக்கும்" என்றாள். தானியத்தைக் கேரட் கழுவும் கூலியில் வாங்கிப் போட்டாள். அவள் ஒரு வேளை சாப்பிட்டாள், பறவைகள் இரண்டு வேளை சாப்பிட்டன.

ஊர் முதலில் வீராப்பாக இருந்தது. "இவ சூடு இல்லாம நம்ம தாத்தன் பாட்டன் வாழலையா?" என்றார் குணசீலன். வாழ்ந்தார்கள்தான், ஆனால் ஒரு தடவை சுகம் கண்ட முட்டி பழைய குளிரைப் பொறுக்கவில்லை. மாவு புளிக்கவில்லை, எண்ணெய் உருகவில்லை, குழந்தைகளின் இருமல் வீட்டுக்கு வீடு நாய் குரைப்பதுபோல் பதில் சொல்லிக்கொண்டது. எந்த மெம்பர் ஆபீஸுக்குப் போய் விசாரணையைத் தள்ளிவைத்தாரோ அவரையே ஊர் பிடித்துத் தள்ளி மறுபடி அனுப்பியது.

அதிகாரியம்மா ராமநாதபுரத்துப் பக்கம்; குளிரில் உதடு நீலமாக வந்து இறங்கினார். கிருபை அவருக்குக் கேட்டைத் திறந்து, இடிபாட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து, சால்வையைக் கழற்றி, மடியில் வந்து உட்கார்ந்த வாலாட்டியை ஒன்றும் சொல்லாமல், "யார் முதல்ல?" என்று கேட்டார்.

குணசீலன் உள்ளே வந்தார். "அம்மா, ஐப்பசியில பெய்த மழை இருக்கே…" என்று ஆரம்பித்தார்.

"வெளிய போங்க மெம்பர்" என்றாள் கிருபை.

"நான் இன்னும் முடிக்கலையே கிருபை."

"மழைன்னு ஆரம்பிச்சா எங்க முடியும்னு எனக்குத் தெரியும். போங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு இறகுகூடச் சூடேறவில்லை. அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்; கூட்டத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே பனியில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்ற ஊர், அவர் வெளியே வர வழிவிட்டது. அந்த வழியாகவே சொர்ணம் உள்ளே வந்தாள். பேரப்பிள்ளையை மருமகளிடம் வெளியிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்தாள்.

"கொத்தனார் ஓட்டை விடச் சொன்னார்ம்மா. நான் குடத்தோட அங்கதான் நின்னேன். அசிங்கமா இருக்கும்னு காட்டேஜ்காரர் வேணாம்னார். ஓடையை மூடினதையும் பார்த்தேன். சாமிதாஸ் அண்ணன் மேல போயி, சுவர் வயிறு தள்ளுது, எங்க பின்பக்கம் ஆளுங்க இருக்கோம்னு சொன்னார். நானும் கூடத்தான் போனேன். 'பயமா இருந்தா வீட்டைக் காலி பண்ணு'ன்னார் காட்டேஜ்காரர். அன்னிக்கு போலீஸ்கிட்ட மழைன்னேன். பொய் சொன்னேன்ம்மா."

அவளுக்குப் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். கொத்தனாரே வந்தார். பாஸ்டர் வந்தார். ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு, சொன்ன கையோடு சுவரோரமாக ஒதுங்கிக் கையைத் தேய்த்துக் குளிர்காய்ந்தார்கள்; உண்மைக்காக வந்தவர் யார், சூட்டுக்காக வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கிருபை பார்த்துக்கொண்டே நின்றாள். மழைக்காலத்தில் கேட்டபோது வராத உண்மை, குளிர்காலத்தில் நடுங்கிக்கொண்டு வருகிறது. வந்தது வரட்டும். ஆனால் இதற்காக இவர்களை நான் நல்லவர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தை பிறந்து காட்டேஜைப் பூட்டி அரக்குமுத்திரை வைத்தார்கள். காட்டேஜ்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. ஓடையைத் திறந்துவிட்டார்கள். காட்டேஜ் தண்ணீர் நின்றுபோனதால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி ஊற்றுக்கு நடந்தார்கள், நடக்கும்போது முணுமுணுத்தார்கள். பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் பழைய பிரசங்கத்தைத் தூசி தட்டி எடுத்து, மன்னியுங்கள் என்று ஆரம்பித்ததும் கிருபை எழுந்து கோயிலை விட்டு வெளியே வந்து, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

"எல்லாம்தான் முடிஞ்சுதே, இன்னும் என்ன கோபம் அவளுக்கு?" என்று ஊர் கேட்டது. கேட்டை அவள் இப்போது பூட்டுவதில்லை. ஆனாலும் யாரும் பக்கத்தில் வருவதில்லை. மாவுச்சட்டியை வேலியோரம் வைத்துவிட்டு, தானியத்தை வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் போனார்கள். கேரட் கழுவும் இடத்தில் அவள் கை வைத்த தொட்டியிலிருந்து ஆவி எழும்பினால் மற்றவர்கள் விலகி அடுத்த தொட்டிக்குப் போனார்கள்.

மாசியில், பனி கடைசிக் கடைசியாக இறங்கிய ஒரு காலையில், சொர்ணம் காட்டோரத்திலிருந்து தவிட்டுப்பழக் கன்றுகளை வேரோடு பெயர்த்துச் சாக்கில் சுமந்துகொண்டு வந்தாள். சரிவில் ஏறிக் குழி வெட்டி ஒவ்வொன்றாக நட்டாள். நட்டு முடித்து, மண் கையோடு இறங்கிக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கிருபை தட்டுகளுக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள். அவள் தலையிலிருந்து ஒரு கொண்டைக்குருவி புதிதாக வந்தவளை எட்டிப் பார்த்தது.

"அது காய்க்க வருஷமாகும்" என்றாள் கிருபை, திரும்பாமல்.

"ஆகட்டும்க்கா. அதுவரைக்கும் நானும் தானியம் போடறேன்."

"உன்னை நான் மன்னிக்கல."

"தெரியும்."

சொர்ணம் கிட்டே வந்தாள். யாரும் வராத கிட்டத்துக்கு வந்தாள். வந்து, தண்ணீர்ச் செம்பைப் பிடித்திருந்த கிருபையின் கையை அப்படியே பற்றினாள். அடுப்புக்கட்டையைத் தொட்டதுபோல் சுரீரென்றது. மண் காய்ந்து உதிர்ந்தது, உள்ளங்கைத் தோல் சிவந்து கொப்பளித்தது.

"விடு, சுடும்."

சொர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. விடவில்லை.

கிருபை அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் தடவை விடு என்று சொல்லவில்லை.